பாலம் சரி, அதைக் கடந்து போறது யாரு? ஹைஃபாவிலிருந்து ஜெனின் வரை ஒரு மேடையின் கதை

(எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம்)



போன எபிசோடு கடைசியில நான் ஒரு டயலாக் விட்டேன். "எதிரெதிரா நிக்கிற ரெண்டு பேரை ஒரே மேடையில ஏத்திட்டா பாதிப் பிரச்சினை முடிஞ்சுடும்"னு. எடிட் பண்ணும்போது கேட்க நல்லாத்தான் இருந்துச்சு. ரெண்டு நாள் கழிச்சு ஒரு நேயர்கிட்ட இருந்து வாய்ஸ் நோட். காலேஜ் படிக்கிற பொண்ணு. "அண்ணா, யூதர்களும் பாலஸ்தீனியர்களும் சேர்ந்து நாடகம் போட்டதே இல்லையா? போட்டிருந்தா, அப்புறம் ஏன் இன்னும் இப்படி இருக்கு?"

நியாயமான கேள்வி. பதில் என்னன்னா, போட்டிருக்காங்க. பல வருஷமா, பல ஊர்கள்ல. அந்த வரலாற்றைப் படிக்கப் படிக்க, என் டயலாக் எவ்வளவு மலிவானதுன்னு எனக்கே புரிஞ்சுது. 'பாலம்'ங்கிற வார்த்தையை நாம ரொம்ப சுலபமா சொல்லிடறோம். பாலம் இருக்கட்டும். அது மேல நடக்கிறது யாரு? ரெண்டு பக்கத்துக்காரங்களும் நடக்கிறாங்களா, இல்ல எப்பவும் ஒரே பக்கத்துக்காரங்கதான் நடந்து வரணுமா? இந்தக் கேள்வியைக் கையில வச்சுக்கிட்டு சில நாடகங்களைப் பார்க்கலாம்.

முதல்ல பின்னணி, ஒரு நிமிஷத்துல. ஐரோப்பாவில் நாஜிகள் 60 லட்சம் யூதர்களைக் கொன்றார்கள். அந்தப் படுகொலை முடிந்து மூன்றே ஆண்டுகளில், 1948-இல், இஸ்ரேல் உருவானது. அதே 1948 போரில் சுமார் 7 லட்சம் பாலஸ்தீனியர்கள் விரட்டப்பட்டோ, பயந்து ஓடியோ வீடிழந்தார்கள். ஒரு சிறு பகுதியினர் அங்கேயே தங்கி இஸ்ரேல் குடிமக்களானார்கள். 1967 போரில் மேற்குக் கரையும் காஸாவும் இஸ்ரேல் ராணுவத்தின் பிடிக்குள் வந்தன. இந்த மூணு விஷயமும் மனசுல இருந்தா போதும்.

கட்டடத் தளத்தில் கோடோ

1984. ஹைஃபா நகராட்சி நாடக அரங்கம். சாமுவேல் பெக்கெட்டின் 'கோடோவுக்காகக் காத்திருத்தல்' மேடையேறுகிறது. ரெண்டு பேர் ஒரு மரத்தடியில் யாருக்கோ காத்திருப்பார்கள், அவர் வரவே மாட்டார். இதுதான் நாடகம். இயக்குநர் இலான் ரோனென் ஒரு யூதர். அவர் அந்த இருவரையும் பாலஸ்தீனக் கட்டடத் தொழிலாளிகளாக ஆக்கிவிட்டார். மேடை ஒரு கட்டுமானத் தளம்.

ஹைஃபா பார்வையாளர்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. 1967-க்குப் பிறகு, மேற்குக் கரையிலிருந்தும் காஸாவிலிருந்தும் ஆயிரக்கணக்கானோர் தினக்கூலிக்காக இஸ்ரேல் நகரங்களுக்கு வந்துகொண்டிருந்தார்கள். காலையில் ரோட்டோரம் நின்று, கான்ட்ராக்டர் வண்டி வருமா என்று காத்திருப்பார்கள். நம்ம ஊர்ல விடிகாலையில ஜங்ஷன்ல மண்வெட்டியோட நிக்கிறவங்களைப் பார்த்திருப்பீங்கல்ல, அதே காட்சி. தினமும் காரில் கடந்துபோகும்போது பார்க்காத அந்த இரண்டு பேரை, டிக்கெட் வாங்கி உட்கார்ந்து இரண்டு மணி நேரம் பார்க்கவேண்டி வந்தது.

நடித்தவர்கள் மக்ரம் கூரி, யூசுஃப் அபு வர்தா. இருவரும் இஸ்ரேலில் வாழும் பாலஸ்தீன நடிகர்கள். அரபி மொழிபெயர்ப்பு அன்டன் ஷம்மாஸ். நாடகத்தின் உயிரே மொழியில்தான் இருந்தது. தொழிலாளிகள் இருவரும் தங்களுக்குள் பேசுவது அன்றாட அரபி. முதலாளி பொஸ்ஸோவின் மொழி ஹீப்ரு.

இது எனக்கு உடனே புரிஞ்சுது. எங்க ஆபீஸ் மீட்டிங் ரூம்ல ஆறு பேர் தமிழ்ல பேசிக்கிட்டு இருப்போம். தமிழ் தெரியாத ஒருத்தர் உள்ளே வந்தா அடுத்த நொடி ரூமே இங்கிலீஷுக்கு மாறிடும். யாரும் மாறச் சொல்லல. அவர் சாதாரண ஊழியரா இருந்தா அது மரியாதை. அவரே உங்க சம்பளத்தை முடிவு பண்றவரா இருந்தா, அதுக்கு வேற பேரு. ஹைஃபா மேடை இந்த ரெண்டாவது விஷயத்தை வெளிச்சத்துல காட்டுச்சு.

அன்டன் ஷம்மாஸ் பற்றி இன்னொரு தகவல். வடக்கே ஃபஸ்ஸூத்தா என்ற கிராமத்தில் பிறந்த பாலஸ்தீனியர். 1986-இல் 'அரபெஸ்க்ஸ்' என்ற நாவலை எழுதினார், அரபியில் அல்ல, ஹீப்ருவில். மக்ரம் கூரி 1987-இல் இஸ்ரேல் பரிசு பெற்றார். அதை வாங்கிய முதல் அரபுக் கலைஞர் அவர். பாலத்தில் யார் நடந்தது என்ற கேள்விக்கு, 1984-இல் கிடைத்த பதில் இதுதான்: பெரும்பாலும் பாலஸ்தீனியர்கள். அவர்களுக்கு ஏற்கெனவே இரண்டு மொழியும் தெரிந்திருந்தது. வாழ்வதற்கு அது தேவைப்பட்டது.

ரோமியோ எந்த மொழியில் காதலிப்பான்?

பத்து வருஷம் முன்னாடி போவோம். 1993 செப்டம்பரில் ஓஸ்லோ ஒப்பந்தம். வெள்ளை மாளிகைப் புல்வெளியில் ராபினும் அராஃபத்தும் கை குலுக்கினார்கள். அடுத்த ஆண்டு, ஜெருசலேமின் கான் நாடக அரங்கமும் அதே நகரத்தின் பாலஸ்தீனக் குழுவான அல்-கஸபாவும் சேர்ந்து 'ரோமியோ ஜூலியட்' போட்டன. இயக்குநர்களும் இரண்டு பேர்: யூதரான எரான் பனியேல், பாலஸ்தீனியரான ஃபுவாத் அவாத். ஜூலியட் குடும்பம் யூதர்கள், ரோமியோ குடும்பம் பாலஸ்தீனியர்கள்.

கேட்கும்போதே 'அட, இது கரெக்டா செட் ஆகுதே'ன்னு தோணும். ஆனா அந்த 1994-இல் வெளியே என்ன நடந்தது? பிப்ரவரி 25 அன்று ஹெப்ரோனில் ஒரு யூதக் குடியேற்றவாசி பள்ளிவாசலுக்குள் புகுந்து, தொழுதுகொண்டிருந்த 29 பேரைச் சுட்டுக் கொன்றார். ஏப்ரலில் அஃபுலாவிலும் ஹதேராவிலும் ஹமாஸ் தற்கொலைத் தாக்குதல்கள் நடத்தியது, பஸ்ஸுக்கு வந்த சாதாரண மக்கள் இறந்தார்கள். ஷேக்ஸ்பியரின் பகைக் குடும்பங்களைத் தெருவே நடித்துக்கொண்டிருந்தது.

இங்கேயும் மொழியைக் கவனிங்க. ரோமியோ வீட்டுக்குள் அரபி, ஜூலியட் வீட்டுக்குள் ஹீப்ரு. சமமாத்தான் தெரியுது. ஆனா ரெண்டு வீட்டாரும் சந்திக்கும் இடத்தில் பேசப்படுவது ஹீப்ரு. ரோமியோ தன் காதலைச் சொல்லணும்னா அவளோட மொழிக்குப் போகணும். அவள் இவன் மொழிக்கு வர வேண்டியதில்லை. இது நாடகக் குழுவின் கெட்ட எண்ணம் இல்லை, ஊரின் உண்மையே அப்படித்தான் இருந்தது. ஆனா 'சம உரையாடல்'னு போஸ்டர்ல போட்டாலும், பாலத்துக்கு டோல் கட்டுறது ஒரு பக்கம் மட்டும்தான்.

இந்த இடத்துல ஒரு அரபி வார்த்தை தெரிஞ்சுக்கணும்: 'தத்பீஃ'. இயல்பாக்குவது என்று பொருள். பல பாலஸ்தீனக் கலைஞர்கள் கூட்டு நாடகங்களை மறுப்பதற்குக் காரணம் இதுதான். 'மேடையில் நாம் கை கோத்து நிற்பதைப் பார்த்துவிட்டு அவர்கள் நிம்மதியாக வீட்டுக்குப் போவார்கள். நான் செக்போஸ்ட்டில் நின்றுதான் வீட்டுக்குப் போகவேண்டும்.' இந்த வாதத்தை வெறுப்புன்னு ஒதுக்கிட முடியாது. அந்தப் பக்கம், யூதக் கலைஞர்களும் சொந்த ஊரில் துரோகிப் பட்டம் வாங்கியிருக்கிறார்கள். யாஃபாவில் 1998 முதல் ஒரு அரபுக் குழுவும் ஒரு ஹீப்ருக் குழுவும் ஒரே கூரையின் கீழ் இயங்குகின்றன. அவர்களின் அரசு மானியத்தை நிறுத்தவேண்டும் என்று கலாசார அமைச்சரே கேட்ட காலமும் உண்டு.

ஒரு வீடு, இரண்டு அம்மாக்கள்

அடுத்தது ஒரு கதை. எழுதியவர் கஸ்ஸான் கனஃபானி. 1936-இல் ஆக்கோவில் பிறந்து, 12 வயதில் அகதியானவர். எழுத்தாளர், கூடவே 'பாலஸ்தீன விடுதலைக்கான மக்கள் முன்னணி'யின் செய்தித் தொடர்பாளர். ஆயுதப் போராட்ட அமைப்பு அது. அதை மறைச்சுட்டு இந்தக் கதையைச் சொல்லக் கூடாது.

1969-இல் வந்த 'ஹைஃபாவுக்குத் திரும்புதல்' என்ற அவருடைய குறுநாவலில், சயீத், சஃபிய்யா என்று ஒரு தம்பதி. 1948 ஏப்ரலில் ஹைஃபாவில் சண்டை வெடித்த குழப்பத்தில், ஐந்து மாதக் குழந்தையை வீட்டிலேயே விட்டுவிட்டு, கூட்டத்தோடு கடலை நோக்கித் தள்ளப்படுகிறார்கள். 20 வருடம் கழித்து, 1967 போருக்குப் பின் எல்லை திறந்ததும், அந்த வீட்டைத் தேடி வருகிறார்கள். கதவைத் திறப்பவர் மிரியம். போலந்திலிருந்து வந்த யூதப் பெண், தன் தந்தையை ஆஷ்விட்ஸில் இழந்தவர். ஜாடியில் இருந்த மயிலிறகு ஏழு, இப்போது ஐந்துதான் இருக்கிறது என்று சயீத் எண்ணிப் பார்க்கிறார். குழந்தை? உயிரோடு இருக்கிறான். மிரியம்தான் வளர்த்தார். பெயர் டோவ். இஸ்ரேல் ராணுவச் சீருடையில் உள்ளே வருகிறான். பெற்ற தாய் தந்தையை அவன் ஏற்கவில்லை.

இதை எழுதியது ஒரு பாலஸ்தீனப் போராளி அமைப்பின் ஆள். அவர் மிரியமை அரக்கியாக எழுதவில்லை. பறிகொடுத்த ஒருத்தி, இன்னொருத்தி பறிகொடுத்த வீட்டில் வாழ்கிறாள். அவ்வளவுதான். எதிரியின் துக்கத்துக்குள் போய்ப் பார்க்கும் வேலையை 1969-லேயே, அதுவும் தனியா உட்கார்ந்து கனஃபானி செய்துவிட்டார்.

1972 ஜூலை 8 அன்று பெய்ரூத்தில் கார் குண்டில் அவர் கொல்லப்பட்டார். கூடவே காரில் இருந்த 17 வயது சகோதரி மகள் லமீஸும் இறந்துபோனாள். லமீஸ் என்ற பெயரை ஞாபகம் வச்சுக்கோங்க, திரும்ப வரும்.

2008-இல், டெல் அவிவின் பெரிய அரங்கமான கமேரி இந்தக் கதையை மேடையேற்றியது. நாடகமாக்கியவர் போவாஸ் காவோன், இயக்கியவர் சினாய் பீட்டர். இருவரும் யூதர்கள். அரங்குக்கு வெளியே போராட்டம்: 'பயங்கரவாதியின் கதைக்கு மேடையா?' உள்ளே, தங்கள் நகரத்து வீடுகளுக்கு முன்பு வேறு சொந்தக்காரர்கள் இருந்தார்கள் என்ற கதையை ஹீப்ரு பார்வையாளர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கனஃபானியின் முடிவில் இருந்த கடுமையை நாடகம் தணித்துவிட்டது என்ற விமர்சனமும் வந்தது. அது இருக்கட்டும். இந்த முறை பாலத்தில் நடந்தது யார்? டெல் அவிவ் பார்வையாளர்கள். சில வருஷம் கழிச்சு, இதே கதையின் இன்னொரு நாடக வடிவத்தை நியூயார்க்கின் ஒரு பெரிய அரங்கம் கேட்டு எழுதவைத்துவிட்டு, பின்னர் கைவிட்டது. அது 2018-இல் லண்டனில்தான் மேடையேறியது. நடப்பது அவ்வளவு சுலபமில்லை.

ஆர்னா

இப்போ இந்த எபிசோடுக்கே காரணமான ஆளுக்கு வருவோம்.

ஆர்னா மெர். 1929-இல் கலிலேயாவின் ரோஷ் பினாவில் பிறந்த யூதப் பெண். 1948 போரில் பல்மாக் படையில் இருந்தவர். பிறகு கம்யூனிஸ்ட் ஆனார், சலீபா காமிஸ் என்ற பாலஸ்தீனத் தோழரைக் கல்யாணம் செய்துகொண்டார். 1987 டிசம்பரில் முதல் இன்திஃபாதா வெடித்தது. ராணுவம் மேற்குக் கரைப் பள்ளிகளை மாதக்கணக்கில் மூடியது. ஆர்னா ஜெனின் அகதிகள் முகாமுக்குப் போய்க் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். 1993-இல் 'மாற்று நோபல்' என்று அழைக்கப்படும் ரைட் லைவ்லிஹுட் விருது கிடைத்தது. அந்தப் பணத்தில் முகாமுக்குள்ளேயே ஒரு அரங்கம் கட்டினார். இடம் கொடுத்தவர் சமீரா ஸுபைதி என்ற முகாம்வாசி, அவர் வீட்டு மேல்மாடிதான் அரங்கம். பெயர் 'கல் அரங்கம்'. நடிப்பு சொல்லிக்கொடுத்தவர் ஆர்னாவின் மகன் ஜூலியானோ.

ஆர்னா என்ன செய்தார்னு பாருங்க. ரெண்டு பக்கக் குழந்தைகளையும் நடுவில ஒரு ஹால்ல உட்கார வச்சு 'பேசுங்க'ன்னு சொல்லல. தானே நடந்து அந்தப் பக்கம் போனார். அரபியில் பேசினார். வீடு இடிக்கப்பட்ட ஒரு சிறுவனிடம், நான்தான் ராணுவம்னு வச்சுக்கோ, என் மேல கோபத்தைக் காட்டு என்கிறார். அவன் அவரை அடிக்கிறான். அவர் வாங்கிக்கொள்கிறார்.

அந்தப் பிள்ளைகள் போட்ட நாடகம் 'சின்ன விளக்கு'. தன் அரண்மனைக்குள் சூரியனைக் கொண்டுவர வேண்டிய ஒரு இளவரசியின் கதை. கையில் விளக்கோடு ஊர் மக்கள் வருகிறார்கள், வாசல் போதவில்லை, சுவரை இடிக்கிறார்கள், வெளிச்சம் உள்ளே வருகிறது. எழுதியது? அதே கஸ்ஸான் கனஃபானி. லமீஸின் பிறந்தநாளுக்குப் பரிசாக எழுதிய கதை அது. அதைத்தான் பல்மாக்கில் இருந்த ஒரு யூதப் பெண் கட்டிய மேடையில் ஜெனின் பிள்ளைகள் நடித்தார்கள்.

ஆர்னா 1995-இல் புற்றுநோயால் இறந்தார். கதை இங்கேயே முடிஞ்சிருந்தா நல்ல ஃபீல்-குட் எபிசோடு. முடியல.

அந்தப் பிள்ளைகள் என்ன ஆனார்கள்?

2002 ஏப்ரலில் ஜெனின் முகாமில் பெரும் சண்டை. 52 பாலஸ்தீனியர்களும் 23 இஸ்ரேலிய வீரர்களும் இறந்தார்கள். கல் அரங்கம் இடிந்தது. சமீரா அதற்கு ஒரு மாதம் முன்பே சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். ஜூலியானோ கேமராவோடு திரும்பிப் போய், தன் பழைய மாணவர்களைத் தேடினார். அதுதான் 2004-இல் வந்த 'ஆர்னாவின் பிள்ளைகள்' ஆவணப்படம். அது வரைக்கும் சிறுவர்களாகச் சிரித்து, சண்டை போட்டு, வசனம் மறந்து நின்றவர்கள். அஷ்ரஃப், 2002 சண்டையில் செத்துவிட்டான். ஆலா, ஆயுதக் குழுத் தலைவனாகி அதே ஆண்டு கொல்லப்பட்டான். யூசுஃப், 2001 அக்டோபரில் ஹதேராவில் தெருவில் போனவர்களைச் சுட்டு, நான்கு பெண்களைக் கொன்று, தானும் செத்தான். ஒரு பள்ளியின் மீது குண்டு விழுந்தபோது, அவன் தூக்கிக்கொண்டு ஓடிய சிறுமி அவன் கையிலேயே இறந்ததாகவும், அதன் பிறகு அவன் மாறிவிட்டதாகவும் படம் சொல்கிறது.

இந்தப் படத்தை நான் ஒரு சனிக்கிழமை ராத்திரி பார்த்தேன். முடிஞ்சதும் லேப்டாப்பை மூடிட்டு ரொம்ப நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். 'அப்போ நாடகம் தோத்துடுச்சா?' இதுதான் முதல்ல வந்த கேள்வி. இன்ஜினியர் புத்தி, உடனே அவுட்புட்டைக் கேட்கும்.

அப்புறம் ரெண்டு விஷயம் தோணுச்சு. ஒண்ணு, யூசுஃபை எனக்கு மேடையில பார்த்த பையனாத் தெரியும். அந்த மேடை இல்லைன்னா, அவன் எனக்கு ஒரு செய்தித் தலைப்பு மட்டும்தான். அவன் செய்ததை அது நியாயப்படுத்தாது. ஆனா ஒரு சிறுவனா இருந்தவன் அங்கே எப்படிப் போய்ச் சேர்ந்தான்னு கேட்க வைக்குது. ரெண்டாவது, இது எனக்கே சங்கடமானது. ஹதேராவில் இறந்த அந்த நாலு பெண்களைப் பத்தி எனக்கு எதுவுமே தெரியாது. அவங்களும் யாரோ ஒருத்தரோட அம்மா, பொண்ணு. அந்தப் படம் அவங்க கதையைச் சொல்லல, அதோட வேலை அது இல்லை. ஆனா கேட்கிற எனக்கு அந்த வேலை இருக்கு. ஆர்னா இந்தப் பக்கம் நடந்து வந்ததை ரசிக்கிற நான், அந்த நாலு வீட்டுப் பக்கம் நடக்காம இருக்க முடியாது.

ஜூலியானோவும், மீண்டும் கோடோவும்

2006-இல் ஜூலியானோ அதே முகாமில் 'சுதந்திர அரங்க'த்தைத் தொடங்கினார். கூட நின்றவர்களில் ஒருவர் சமீராவின் மகன் ஸகரியா ஸுபைதி, கல் அரங்கத்தில் நடித்த சிறுவன், பிறகு ஆயுதக் குழுத் தளபதி. தன்னை நூறு சதவீதம் யூதன், நூறு சதவீதம் பாலஸ்தீனியன் என்று ஜூலியானோ சொல்லிக்கொள்வார். அவர் நடத்தியது சமரச மையம் அல்ல. ஆக்கிரமிப்பை எதிர்க்கும் கலை என்றுதான் சொன்னார். ஆனால் கேள்வியை முகாமுக்கு உள்ளேயும் திருப்பினார். 2009-இல் 'விலங்குப் பண்ணை' போட்டபோது பாலஸ்தீனத் தலைமையும் அதில் தன் முகத்தைப் பார்த்தது. பையன்களும் பெண்களும் ஒன்றாக நடித்தது சிலருக்குப் பிடிக்கவில்லை. அரங்கத்துக்குத் தீ வைக்க முயன்றார்கள்.

2011 ஏப்ரல் 4. அரங்கத்துக்கு அருகில், காரில் இருந்த ஜூலியானோவை முகமூடி அணிந்த ஒருவர் சுட்டுக் கொன்றார். கைக்குழந்தையான மகனும் அந்தக் காரில் இருந்தான். கொன்றவர் யார் என்று இன்று வரை எந்த நீதிமன்றமும் சொல்லவில்லை.

அந்த ஆண்டே அவருடைய மாணவர்கள் ஒரு நாடகம் போட்டார்கள். எந்த நாடகம்னு நினைக்கிறீங்க? 'கோடோவுக்காகக் காத்திருத்தல்'. இயக்கியவர் யூத இயக்குநர் உதி அலோனி. முதன்மைப் பாத்திரங்கள் இரண்டிலும் ஜெனினின் இளம்பெண்கள். 1984-இல் ஹைஃபா அரங்கம் தொழிலாளிகளின் கதையை மேடையேற்றியது. 2011-இல் முகாமின் பெண்களே அந்த இருவராக நின்றார்கள், தங்கள் ஆசிரியரைக் கொன்றது யாரென்று தெரியாமல்.

சுதந்திர அரங்கம் நம்ம நாட்டுக்கும் வந்திருக்கு. டெல்லியின் ஜன நாட்டிய மஞ்ச் குழுவோடு சேர்ந்து 2015-16-இல் இந்திய நகரங்களில் நாடகம் போட்டாங்க. 1989-இல் வீதி நாடகம் நடத்தும்போதே தாக்கப்பட்டு இறந்த சஃப்தர் ஹாஷ்மியின் குழு அது. 2023 டிசம்பரில் இஸ்ரேல் ராணுவம் ஜெனின் அரங்கத்துக்குள் புகுந்து சோதனை போட்டது. 2025 ஜனவரியில் தொடங்கிய ராணுவ நடவடிக்கையில் முகாமே காலியானது.

சரி, அந்த வாய்ஸ் நோட்டுக்கு என் பதில். தங்கச்சி, மேடை போரை நிறுத்தல. நிறுத்தும்னு நான் சொன்னது தப்பு, வாபஸ் வாங்கிக்கிறேன். இந்த நாற்பது வருஷ நாடகங்கள்ல எனக்குப் பிடிச்சதெல்லாம், பலம் அதிகமா இருக்கிற பக்கத்துல இருந்து யாரோ ஒருத்தர் எழுந்து நடந்தப்போ நடந்தவைதான். ஹைஃபாவுல ரெண்டு மணி நேரம் அரபி கேட்டவங்க, டெல் அவிவ்ல கோஷங்களைத் தாண்டி உள்ளே போனவங்க, விருதுப் பணத்தைக் கொண்டுபோய் முகாம் மாடியில கொட்டின ஆர்னா. இனிமே யாராவது 'ரெண்டு தரப்பும் பேசணும்'னு சொன்னா, நான் கேட்கப்போற முதல் கேள்வி, எந்த மொழியில, யார் வீட்டுலங்கிறதுதான்.

'ஆர்னாவின் பிள்ளைகள்' படத்தைப் பாருங்க. 'ஹைஃபாவுக்குத் திரும்புதல்' சின்னப் புத்தகம்தான், ஒரே நாளில் முடிச்சிடலாம். படிச்சுட்டு உங்களுக்கு என்ன தோணுச்சுன்னு அனுப்புங்க. நான் சொன்னதுல உடன்பாடு இல்லைன்னா கண்டிப்பா அனுப்புங்க, அடுத்த எபிசோடுல படிக்கிறேன்.

அடுத்த வாரம் சந்திப்போம்.